முதலில் கை தட்டுங்கள்: வேறு பாணியிலிருந்து ஃப்ளமெங்கோ கிதாருக்கு

கிதார் உங்களுக்குப் புதிதல்ல என்று வைத்துக்கொள்கிறேன். கார்டுகள் தெரியும், விரல் ஓடும், நாலு பேர் முன்னால் கூச்சமில்லாமல் வாசிப்பீர்கள். ஃப்ளமெங்கோவுக்கு வரும்போது இதில் பாதி கைகொடுக்கும், மீதிப் பாதி காலை வாரும். எது எந்தப் பாதி என்று முன்கூட்டியே தெரிந்தால் ஒரு வருடமாவது மிச்சம். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

செவில் நகரில் ஒரு நடன வகுப்புக்கு வாசிக்கப் போனேன். வாசித்தது ஆறு மாதம் பாடுபட்டு மனப்பாடம் செய்த சொலேயா என்ற ஃப்ளமெங்கோ வகை. ஒரு ஸ்வரம்கூடத் தப்பவில்லை. ஆனால் ஆடிக்கொண்டிருந்த பெண் தூக்கிய காலை இறக்க இடமில்லாமல் அப்படியே நின்றுவிட்டார். பன்னிரண்டு எண்ண வேண்டிய சுற்றில் நான் பதின்மூன்று வாசித்திருந்தேன். யாரும் திட்டவில்லை. சுற்றி நின்று கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஃப்ளமெங்கோ தெற்கு ஸ்பெயினின் ஆண்டலூசியா மண்ணில் விளைந்தது. ஹெரெஸ், காதிஸ், செவிலின் த்ரியானா, கிரனாடாவின் சாக்ரோமோந்தே என்று ஊருக்கு ஊர் அதன் மணம் மாறும். அங்கே பாட்டுக்குத்தான் முதல் மரியாதை. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் துணையாக வளர்ந்தது கிதார். ரமோன் மொந்தோயா (1879–1949), சபீக்காஸ் (1912–1990) போன்றவர்கள் அதைத் தனிக் கச்சேரி மேடைக்கும் கொண்டுபோனார்கள் என்றாலும், துணை வாசிக்கும் குணம் அதை விட்டுப் போகவில்லை. அதனால் இந்த அத்தியாயத்தின் வரிசை உங்களுக்கு வினோதமாகப் படலாம்: முதலில் கை தட்டல், பிறகு கட்டைவிரல், பிறகு மற்ற விரல்கள், கடைசியில் வேகம். வரிசையை மாற்றாதீர்கள்.

## எங்கிருந்து வருகிறீர்கள்?

கிளாசிக்கல் கிதாரிலிருந்து: உங்களுக்கு நகம் இருக்கிறது, இடது கை ஒழுங்காக இருக்கிறது. சிக்கல், நாதத்தை உருட்டி மெருகேற்றும் பழக்கம். வரி முடியும் இடத்தில் கொஞ்சம் இழுத்து, மூச்சுவிட்டு, மறுபடி தொடங்குவீர்கள். ஆடுபவருக்கு அது பள்ளம். ஃப்ளமெங்கோவில் ஒலி வறண்டு, காரமாக, சட்டென்று அணைய வேண்டும். நாதம் சற்றுக் கரடாக இருந்தால் மன்னிப்பார்கள், தாளம் அரை இழை பிசகினால் மன்னிக்க மாட்டார்கள்.

பிக் பிடித்து வாசிப்பவர்கள்: தாளக் கை உங்களிடம் பலமாக இருக்கும், அதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். பிக்கை மட்டும் மேசை இழுப்பறையில் போட்டுவிடுங்கள். 1980 டிசம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் பதிவான மூவர் கச்சேரி ஒன்று இருக்கிறது. நம் விக்கு விநாயக்ராமோடு சக்தி குழுவில் வாசித்த அதே ஜான் மெக்லாஃப்லினும் அல் டி மியோலாவும் அதில் பிக் பிடித்து வாசிக்கிறார்கள், ஃப்ளமெங்கோ கிதார்க்காரர் பாக்கோ தெ லூசியா வெறும் விரல். கண்ணை மூடிக்கொண்டு யார் எது என்று பிரித்துப் பாருங்கள். விரலின் ஒலி காதில் பதிந்துவிட்டால் பிக்கைத் தேட மாட்டீர்கள்.

ஃபிங்கர்ஸ்டைல்காரர்கள்: உங்கள் கட்டைவிரல் தந்தியை வெளிப்பக்கமாகக் கொக்கி போட்டு இழுக்கும். அதைத் திருத்தத்தான் அதிக நாள் ஆகும்.

சினிமாப் பாட்டுக்குக் கார்டு போடுபவர்கள்: நீங்கள்தான் பாக்கியசாலிகள். பாடுபவருக்குப் பின்னால் நிற்கத் தெரியும், அதைவிடப் பெரிய தகுதி கிடையாது.

## கருவி: எது போதும், எது ஆகாது

ஸ்டீல் தந்திக் கிதாரில் இந்தப் பயிற்சிகளைச் செய்யாதீர்கள். ஒரே வாரத்தில் நகம் கிழியும். நைலான் தந்திக் கிதார் வேண்டும், கையில் இருக்கும் கிளாசிக்கலே முதல் வருடத்துக்குப் போதும்.

அசல் ஃப்ளமெங்கோ கிதாரில் தந்திகள் தாழ்வாக இருக்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஆறாம் தந்தியின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். கிளாசிக்கலில் 4 வரை போகும். கொஞ்சம் சலசலப்புக் கேட்டால் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், அந்தச் சலசலப்பும் சேர்ந்ததுதான் அதன் குரல். பக்கமும் முதுகும் சைப்ரஸ் மரத்தில் செய்தவை பிளாங்கா, ரோஸ்வுட்டில் செய்தவை நெக்ரா. முன்னது சட்டென்று வெடித்து அடங்கும், பின்னது நின்று ஒலிக்கும்.

முக்கியமான வித்தியாசம் கொல்பெயாதோர். கிதாரின் மேல்பலகையில் ஒட்டியிருக்கும் மெல்லிய தட்டு அது. வாசிக்கும்போதே மோதிரவிரலால் பலகையைத் தட்டுவதற்குக் கொல்பெ என்று பெயர். தட்டு இல்லாமல் தட்டினால் பாலிஷ் போகும், பிறகு மரமே குழியும்.

எச்சரிக்கை: கிளாசிக்கல் கிதாரில் நீங்களாகவே பசைத்தாள் வாங்கி ஒட்டாதீர்கள். அரக்கு பாலிஷ் போட்ட கிதாராக இருந்தால் பிரிக்கும்போது பாலிஷும் கூடவே உரிந்து வரும். கிதார் பழுது பார்ப்பவரிடம் காட்டிக் கேளுங்கள். அதுவரை கொல்பெயை உங்கள் தொடையில் தட்டிப் பழகலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நான் அப்படித்தான் செய்தேன்.

இன்னொன்று செஹீயா, அதாவது கேப்போ. அதைச் சோம்பேறியின் கருவி என்று நினைக்கிறவர்கள் உண்டு. பாடகரின் குரலுக்குச் சுருதி சேர்ப்பதே அதை வைத்துத்தான். தொடங்கும்போது இரண்டாம் அல்லது மூன்றாம் ஃப்ரெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். இடது கைக்கு எட்டும், ஒலியும் கூர்மையாகும்.

## உட்காருவதும் நகமும்

கால்பலகை வேண்டாம். வலது காலை இடது காலின் மேல் போட்டு, கிதாரின் இடுப்பை வலது தொடையில் உட்கார வையுங்கள். பாக்கோ தெ லூசியாவுக்குப் பிறகு பெரும்பாலோர் இப்படித்தான் உட்காருகிறார்கள். பழையவர்கள் கிதாரின் அடிப்பகுதியை வலது தொடையில் நிறுத்தி, கழுத்தை உயர்த்திப் பிடித்தார்கள். பழைய முறையில் கால் மரத்துப் போகாது.

வலது கை நகங்கள் விரல் நுனியைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருந்தால் போதும். ரஸ்கெயாதோ, அதாவது விரல்களை வெளியே வீசி அடிக்கும் அடி, அடிக்கும்போது நகத்தின் முதுகுதான் தந்தியில் மோதும். மெல்லிய நகம் தாங்காது. அதனால் ஃப்ளமெங்கோக்காரர்கள் பலர் நகத்தின் மேல் சூப்பர் க்ளூ தடவுகிறார்கள். செய்வதென்றால் இப்படிச் செய்யுங்கள்:

1. ஜன்னலைத் திறந்து வையுங்கள். குழாயை முகத்துக்கு எதிரே பிடிக்காதீர்கள்.
2. நகத்தின் வெளி நுனியில் மட்டும் ஒரு சொட்டு. நகம் தோலோடு சேரும் அடிப்பகுதிக்குப் போகவே கூடாது.
3. பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். இந்தப் பசை பருத்தியோடு சேர்ந்தால் சட்டென்று சூடேறித் தோலைச் சுட்டுவிடும்.
4. நன்றாகக் காய்ந்தபின் நைஸான அரத்தால் ஓரத்தைத் தேயுங்கள்.
5. அடியில் நகம் மஞ்சளாகவோ மெத்தென்றோ ஆனால் பசையை எடுத்துவிட்டுச் சில வாரம் சும்மா விடுங்கள்.

தோலில் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெந்நீரும் சோப்பும் போதும், கொஞ்ச நேரம் பிடிக்கும். கண்ணில் பட்டால் தண்ணீரில் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள்.

## கொம்பாஸ்: பன்னிரண்டின் கதை

கிதாரைப் பெட்டியில் வையுங்கள். அடுத்த இரண்டு வாரம் தினமும் பத்து நிமிடம் இந்தப் பகுதிக்குக் கிதார் தேவையில்லை.

ஃப்ளமெங்கோவின் தாளச் சுற்றுக்குக் கொம்பாஸ் என்று பெயர். பாட்டு வகைகளுக்குப் பாலோ என்று பெயர். சொலேயா, அலெக்ரியாஸ், புலேரியாஸ் ஆகிய மூன்று பெரிய பாலோக்களும் பன்னிரண்டு எண்ணிக்கைச் சுற்றில் நடக்கின்றன. அழுத்தம் விழும் எண்கள்: 3, 6, 8, 10, 12. சமமாகப் பிரியாத பன்னிரண்டு. மேற்கத்திய வால்ட்ஸ் மாதிரி மும்மூன்றாக எண்ணிக்கொண்டு போனால் ஆறைத் தாண்டியதும் வழுக்கும்.

நமக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. சொல்கட்டு தெரிந்தவர் 12-இல் தொடங்கிச் சொல்லிப் பாருங்கள்:

12-1-2 தகிட
3-4-5 தகிட
6-7 தக
8-9 தக
10-11 தக

ஒவ்வொரு 'த'வும் ஓர் அழுத்தம். ஸ்பானிய ஆசிரியர் ஒருவர் மாதக்கணக்கில் எனக்குப் புரியவைக்க முயன்றதை மிருதங்கம் வாசிக்கும் நண்பர் ஒரு காபி ஆறுவதற்குள் புரியவைத்தார். ஆனால் ஓர் எச்சரிக்கை. நம் தாளத்தில் பெரும்பாலும் முதல் எண்ணில் வந்து இறங்குவோம். இங்கே 1 வெறும் எண். சொலேயாவில் வாக்கியம் 1-இல் கிளம்பும், 10-இல் முடிந்துவிடும். 11, 12 வாசற்படி மாதிரி, அடுத்த சுற்றுக்குப் போகும் வழி. சமத்தைத் தேடும் பழக்கத்தில் 1-ஐ ஓங்கி அடித்தீர்களானால் அன்னியர் என்று உடனே தெரிந்துவிடும்.

படிகள்

1. மெட்ரோனோமை 80-இல் வையுங்கள். ஒரு தட்டுக்கு ஓர் எண். வாய்விட்டு எண்ணுங்கள். பதினொன்று, பன்னிரண்டு என்று முழுதாகச் சொன்னால் நாக்கு பின்தங்கும். ஸ்பானியர்களும் பத்துக்குப் பிறகு 'ஊன், தோஸ்' என்றுதான் சொல்கிறார்கள், அதாவது ஒண்ணு, ரெண்டு. நீங்களும் அப்படியே: …எட்டு, ஒம்பது, பத்து, ஒண்ணு, ரெண்டு, மறுபடி ஒண்ணு, ரெண்டு, மூணு.
2. எண்ணிக்கொண்டே அழுத்த எண்களில் மட்டும் கை தட்டுங்கள்.
3. எண்ணுவதை நிறுத்துங்கள். கை மட்டும் தட்டட்டும்.
4. இப்போது எல்லா எண்ணிலும் தட்டுங்கள், அழுத்த எண்களில் மட்டும் ஓங்கி.
5. தட்டிக்கொண்டே வீட்டில் யாரிடமாவது பேசுங்கள். கடையில் என்ன வாங்க வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லிக்கொண்டே சுற்றுத் தப்பாமல் தட்ட முடிந்தால் அடுத்த பகுதிக்குப் போகலாம். முடியாவிட்டால் இன்னொரு வாரம்.

கை தட்டலுக்கும் முறை இருக்கிறது. இரண்டு உள்ளங்கையையும் குழித்துத் தட்டினால் அடங்கிய ஒலி, பல்மாஸ் சோர்தாஸ். பாட்டு நடக்கும்போது இது. வலது கையின் மூன்று விரல்களை இடது உள்ளங்கையில் அறைந்தால் கூரான ஒலி, பல்மாஸ் கிளாராஸ். ஆட்டம் சூடேறும்போது அது.

கவனம்: செகிரியா என்ற பாலோவும் அதே பன்னிரண்டுதான், ஆனால் தொடங்கும் இடம் 8. தக தக தகிட தகிட தக. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், இப்போது தொடாதீர்கள்.

பன்னிரண்டு மண்டைக்குள் ஏறவே மாட்டேன் என்கிறதா? தாங்கோஸில் தொடங்கலாம். அர்ஜென்டினா டாங்கோ வேறு, இது வேறு. நான்கு எண்ணிக்கை. முதல் எண்ணில் காலைத் தட்டிக் கையை மௌனமாக விட்டு, 2, 3, 4-இல் கை தட்டுங்கள். ராக் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு இது ஒரே நாளில் பிடிபடும்.

புதியவர்கள் செய்யும் தந்திரம் ஒன்று உண்டு. தாளக் கட்டு இல்லாத தராந்தாஸ், கிரனைனாஸ் மாதிரியான பாலோக்களில் போய் ஒளிந்துகொள்வது. கேட்க அழகாக இருக்கும், வீட்டாரும் மெச்சுவார்கள். இரண்டு வருடம் கழித்தும் கொம்பாஸ் வந்திருக்காது.

## கட்டைவிரல்

மொரோன் தெ லா ஃப்ரொந்தேரா ஊரில் தியேகோ தெல் காஸ்தோர் (1908–1973) என்று ஒருவர் இருந்தார். அவருடைய பதிவுகளைக் கேளுங்கள். வேகம் பெரிதாக இல்லை, ஸ்வரங்களும் குறைவு. கட்டைவிரல் பேசுகிறது. அந்தக் கட்டைவிரல் வித்தைக்குப் புல்கார் என்று பெயர்.

1. மற்ற விரல்களை முதல் தந்தியின் பக்கம் லேசாக ஊன்றிக்கொள்ளுங்கள். மணிக்கட்டு சற்று வளைந்து, கை தந்திகளின் மேல் தொங்கட்டும்.
2. கட்டைவிரலை ஆறாம் தந்தியின் மேல் வைத்து, கையின் கனத்தை அதன் மேல் இறக்குங்கள். தந்தியைத் தாண்டிய விரல் ஐந்தாம் தந்தியில் போய் உட்கார வேண்டும். காற்றில் எழும்பினால் அந்த அடி செல்லாது.
3. அசைவு விரலின் அடிமூட்டிலிருந்தும் மணிக்கட்டிலிருந்தும் வரட்டும். நுனி மூட்டு மடங்கக் கூடாது.
4. ஒரு தந்தியில் நான்கு அடி, பிறகு அடுத்த தந்தி. ஆறிலிருந்து மூன்று வரை போய்த் திரும்புங்கள். மெட்ரோனோம் 60.
5. சீரானதும், நான்கில் முதல் அடியோடு மோதிரவிரலால் கொல்பெ. கட்டைவிரலும் மோதிரவிரலும் ஒரே கணத்தில் விழ வேண்டும். முன்பின்னாக விழுந்தால் தடுக்கி விழுகிற மாதிரிக் கேட்கும்.

சோதனை: நான்காம் படியைச் செய்துகொண்டே கட்டைவிரலைக் கவனியுங்கள். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் அது அடுத்த தந்தியின் மேல் ஒரு கணம் அமர்கிறதா? ஃபிங்கர்ஸ்டைல்காரர்களுக்கு நான்கில் ஒரு முறை நழுவும். வேகத்தை 50-க்கு இறக்குங்கள்.

கட்டைவிரலையே மேலும் கீழும் பிக் மாதிரி வீசும் அல்சபூவாவுக்கு இன்னும் ஆறு மாதம் பொறுங்கள்.

## ரஸ்கெயாதோ

ஃப்ளமெங்கோ என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வரும் அந்த விசிறி வீச்சு. மற்றப் பாணிகளில் விரலை உள்ளே மடக்கித் தந்தியை இழுக்கிறோம். இங்கே விரலை வெளியே எறிகிறோம். விரலை நீட்டும் தசைகளை நீங்கள் இதுவரை வேலை வாங்கியதே இல்லை. அதனால் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் இங்கே குழந்தைதான்.

1. கட்டைவிரலை ஆறாம் தந்தியில் ஊன்றுங்கள். இடது கையைத் தந்திகளின் மேல் லேசாகக் கிடத்தி ஒலியை அடக்குங்கள். கார்டு ஒலித்தால் காது மயங்கி, விரலின் குற்றத்தைக் கவனிக்காது.
2. நான்கு விரல்களையும் உள்ளங்கைப் பக்கம் மடியுங்கள். இறுக்கி மூடாமல், ஒரு கோழிக்குஞ்சு உள்ளே இருப்பதுபோல.
3. மெட்ரோனோம் 60. முதல் தட்டில் சுண்டுவிரல், இரண்டாவதில் மோதிரவிரல், மூன்றாவதில் நடுவிரல், நான்காவதில் ஆள்காட்டி. ஒவ்வொன்றும் தனியாக வெளியேறித் தந்திகளைக் கீழ்நோக்கி அடித்துவிட்டு நீண்டபடியே நிற்கட்டும். பிறகு நான்கையும் மடித்து மறுபடி.
4. நான்கு அடியும் ஒரே ஒலியளவில் இருக்கிறதா? இருக்காது. சுண்டுவிரல் முனகும், ஆள்காட்டி அதட்டும். ஆள்காட்டியை அடக்காதீர்கள், சுண்டுவிரலை ஏற்றுங்கள்.
5. இரண்டு வாரம் கழித்து ஒரு தட்டுக்கு இரண்டு விரல். இன்னும் இரண்டு வாரம் கழித்து நான்கு.
6. அதன்பின் ஆள்காட்டியை மேல்நோக்கித் திருப்பி அடித்து ஐந்தாக்குங்கள்.
7. இப்போதுதான் இடது கையில் ஈ மேஜர்.

தகரத் தட்டில் பயறு கொட்டினால் எப்படி ஒவ்வொரு மணியும் தனித்துக் கேட்குமோ, அப்படிக் கேட்க வேண்டும். துடைப்பத்தால் வாரியதுபோல் 'சர்ர்' என்று கேட்டால் விரல்கள் கும்பலாக விழுகின்றன. பெரும்பாலும் முன்கையை ஆட்டுவதுதான் காரணம். கையை அசைக்காமல் விரலை மட்டும் அசைத்துப் பாருங்கள்.

இன்னொரு தவறு நேரத்தில் வருவது. சரமாக வீசும்போது கடைசி ஆள்காட்டி அடி எண்ணின் மேல் விழ வேண்டும். 3-ஐ அடிக்க வேண்டுமென்றால் சுண்டுவிரல் அதற்குச் சற்று முன்பே கிளம்பியாக வேண்டும். பேருந்து வந்தபின் வீட்டைவிட்டுக் கிளம்பினால் எப்படி?

பாதுகாப்பு: ஒரே மூச்சில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முன்கையின் மேல்பக்கம் சோர்வு தெரிந்தால் சரி, வலி எடுத்தால் நிறுத்துங்கள். மணிக்கட்டின் முதுகில் குத்தலோ, விரலில் மரப்போ, மறுநாளும் போகாத வலியோ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், வாசித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பழைய கிதார்க்காரர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். தெரிந்த கை என்ற தைரியத்தில் முதல் நாளே ஒரு மணிநேரம் அடித்து, மூன்று வாரம் கிதாரைத் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தவன் எழுதுகிறேன்.

## முதல் பாலோ: சொலேயா

எல்லாரும் புலேரியாஸில் தொடங்க ஆசைப்படுவார்கள். நிமிடத்துக்கு இருநூறு எண் தாண்டி ஓடும் பாலோ அது. சொலேயா அதே அழுத்தங்களை நிதானமாக நடத்திக் காட்டும்.

தியரி இரண்டே வரி. ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று இறங்கும் வரிசையில் வீடு ஈ மேஜர். இதை ஈ வடிவில் வாசித்தால் போர் அர்ரீபா, ஏ வடிவில் டி மைனர், சி, பி ஃப்ளாட், ஏ என்று வாசித்தால் போர் மேதியோ.

ராக், பாப் பழகிய காது இங்கே ஏமாறும். ஈ கேட்டதும் அடுத்து ஏ மைனருக்குப் போய் முடிக்கச் சொல்லும். போகாதீர்கள். ஈ மேஜரிலேயே உட்காருங்கள். முடியாதது போன்ற அந்த உணர்வுதான் முடிவு.

1. செஹீயா இரண்டாம் ஃப்ரெட்டில். எஃப் போடும்போது முதல் தந்தியை அழுத்தாமல் திறந்தே விடுங்கள். கிளாசிக்கல்காரருக்குத் தப்பாகப் படும் அந்த உரசல்தான் ருசி.
2. இந்த எலும்புக்கூட்டை ஆள்காட்டி விரலால் மட்டும் கீழ்நோக்கி அடியுங்கள்:
   1, 2: ஈ
   3, 4, 5: எஃப்
   6: ஈ
   7, 8, 9: எஃப்
   10: ஈ, ஓங்கி
   11, 12: தந்தியைத் தொடாமல் கொல்பெ மட்டும்
3. வாய்விட்டு எண்ணிக்கொண்டே இருபது சுற்று. அலங்காரம் எதுவும் வேண்டாம். சலிப்புத் தட்டும், தட்டட்டும்.
4. 3-இலும் 10-இலும் மட்டும் ரஸ்கெயாதோ சேருங்கள்.
5. ஒரே சுற்று நீளமுள்ள ஒரு ஃபல்செத்தா கற்றுக்கொள்ளுங்கள். பாட்டு வரிகளுக்கு இடையே கிதார் வாசிக்கும் சிறு சங்கதி அது. கட்டைவிரலாலேயே வாசிக்கக்கூடியதாகத் தேர்ந்தெடுங்கள்.
6. ஃபல்செத்தா முடிந்ததும் எலும்புக்கூட்டுக்குத் திரும்பிக் குறைந்தது இரண்டு சுற்று. பிறகே அடுத்தது.

ஆறாம் படியை யாரும் மதிப்பதில்லை. ஃபல்செத்தாவுக்குப் பின் ஃபல்செத்தாவாக அடுக்கிக்கொண்டே போனால் நாற்காலியே இல்லாத வீட்டில் அலங்காரப் பொம்மைகளை நிரப்பியது மாதிரி.

குறிப்பு: டேப்லேச்சர் பார்த்துக் கற்றால், வாசிக்கும் முன் பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியின் மேலும் 1 முதல் 12 வரை எழுதுங்கள். எண் எங்கே விழுகிறது என்று எழுத முடியாத டேப்லேச்சரைக் கிழித்துப் போடலாம். செவிலில் என்னைக் கவிழ்த்த பதின்மூன்றாம் எண் அப்படி ஒரு தாளிலிருந்து வந்ததுதான். தேடித் தேடிப் பார்த்தபோது, நான் ரசித்து நீட்டிய ஒரு ஸ்வரம் 10-க்கும் 11-க்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

## பிக்காதோ பற்றிக் கொஞ்சம்

ஆள்காட்டியும் நடுவிரலும் மாறி மாறி ஓடும் அந்த மின்னல் ஓட்டம். பாக்கோ தெ லூசியாவைப் பார்த்துத்தான் பாதிப்பேர் இந்தப் பக்கம் வருகிறார்கள். அவர் 1947-இல் அல்ஹெசீராஸில் ஒரு கிதார்க் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பாடகர்களுக்கு வாசித்து வளர்ந்தவர். வேகம் அந்தத் தாளத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: கட்டைவிரலை ஆறாம் தந்தியில் ஊன்றி, அடித்த விரல் அடுத்த தந்தியில் சாய்ந்து நிற்கும்படி, ஒரே தந்தியில் தினமும் ஐந்து நிமிடம். ஒரே விரல் இரண்டு முறை தொடர்ந்து விழுந்தால் நிறுத்தி முதலிலிருந்து. வேக எண்ணை எழுதி வைக்காதீர்கள், அந்த எண்ணோடு சண்டை போடத் தொடங்கிவிடுவீர்கள்.

## தினப்படி

பிக்காதோவின் ஐந்து நிமிடம் போக, முக்கால் மணிநேரம் போதும்.

- கை தட்டல் 10 நிமிடம். பயணத்தில், வரிசையில் நிற்கும்போது தொடையில் தட்டினாலும் கணக்கு.
- கட்டைவிரல் 10.
- ரஸ்கெயாதோ 5, நடுவே இடைவெளி விட்டு மறுபடி 5.
- சொலேயா 15, கடைசி ஐந்து நிமிடம் கைபேசியில் பதிவு செய்தபடி.

கேட்பதும் பயிற்சிதான். சொலேயாவுக்கு ஃபெர்னாந்தா தெ உத்ரேரா (1923–2006) பாடியதைத் தேடுங்கள். பாடும்போது கிதார் எவ்வளவு குறைவாக வாசிக்கிறது, மூச்சு வாங்கும் இடைவெளியில் எப்படி நுழைந்து வெளியேறுகிறது என்று கவனியுங்கள். பாடகர் எண்ணிக்கையை இழுத்துப் பிடிக்கும் இடங்களில் நீங்கள் தொலைந்து போவீர்கள், அது பரவாயில்லை. ஹெரெஸ் வாசிப்புக்கு மொராயீத்தோ (1956–2011). பாடகர் கமரோன் தெ லா இஸ்லாவும் பாக்கோவும் சேர்ந்து செய்த எழுபதுகளின் பதிவுகள் அதற்குப் பிறகு.

## புலேரியாஸுக்குப் போகலாமா?

நேற்றுப் பதிவு செய்த சொலேயாவை இன்று எடுத்துக்கொள்ளுங்கள். கிதாரைத் தொடாதீர்கள். பதிவை ஓடவிட்டு, அழுத்த எண்களில் கை தட்டுங்கள். கையும் கிதாரும் பிரியும் இடம் வந்தால் நிறுத்தி, எத்தனையாவது சுற்று, எத்தனையாவது எண் என்று ஒரு தாளில் குறியுங்கள். பெரும்பாலும் ஃபல்செத்தாவின் வாலில், 10-க்குப் பக்கத்தில்தான் இருக்கும். அந்த ஒரு சுற்றை மட்டும் எடுத்து, எண்ணிக்கொண்டே மெதுவாக வாசியுங்கள், மறுநாள் மறுபடி பதிவு.

ஐந்து நிமிடப் பதிவு முழுக்க ஒரு குறிகூட விழாமல் தொடர்ந்து மூன்று நாள் வந்தால் அடுத்த அத்தியாயத்தைத் திறங்கள். இல்லையென்றால் கிதாரைப் பெட்டியில் வைத்துவிட்டு 12-இல் தொடங்குங்கள்: தகிட, தகிட, தக, தக, தக.